நிலத்தை விற்றாலும் தண்ணீர் உங்களுடையதாகவே இருக்க: கொலராடோ மேய்ச்சல் பண்ணை உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொலராடோவில் ஒரு ரான்ச், அதாவது மாடு மேய்க்கவும் வைக்கோல் புல் வளர்க்கவும் வைத்திருக்கும் பண்ணை, விலைக்கு வரும்போது அங்கே இரண்டு சொத்துகள் இருக்கின்றன. நிலம் ஒன்று, அந்த நிலத்தில் பாயும் தண்ணீரின் மேலுள்ள உரிமை இன்னொன்று. நம் ஊரில் ஆயக்கட்டு நிலத்தை விற்றால் பாசனமும் கூடவே போய்விடும். வயலை விற்றுவிட்டு மதகுத் தண்ணீரை மட்டும் நிறுத்தி வைத்துக்கொள்வதை யாரும் யோசிப்பதில்லை. கொலராடோவில் அது சட்டப்படி நடக்கிறது, அடிக்கடியும் நடக்கிறது. 1876ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பே, முதலில் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. ஆற்றங்கரையில் நிலம் இருப்பதால் மட்டும் தண்ணீர் சொந்தமாகாது என்பதை 1882இல் காஃபின் எதிர் லெஃப்ட் ஹேண்ட் டிட்ச் கம்பெனி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பிரிக்க முடியும் என்பதற்காகப் பிரிப்பது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. பத்திரத்தில் ஒரு வரி விட்டுப்போனதால் தண்ணீர் வாங்கியவரிடம் போய்விடலாம். வரியெல்லாம் சரியாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகும், அந்தத் தண்ணீரைப் பயன்படுத்த ஓரிடமும் வழியும் இல்லாவிட்டால் கையில் காகிதம் மட்டும்தான் மிஞ்சும். இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர்களும் குறைவு. எனவே இந்தக் கட்டுரையில் பத்திரத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதல் வேலை: உங்களிடம் என்ன வகைத் தண்ணீர் இருக்கிறது?

"பண்ணைக்குத் தண்ணீர் உண்டு" என்பது விவரமாகாது. ஒரே பண்ணையில் நான்கைந்து வகை உரிமைகள் கலந்து கிடக்கும், ஒவ்வொன்றும் கைமாறும் விதம் வேறு.

ஆற்றிலோ ஓடையிலோ நேரடியாக எடுக்கும் உரிமைக்கு நீதிமன்ற டிக்ரி இருக்கும். அதில் வாய்க்காலின் பெயர், தண்ணீர் வரும் ஓடை, எடுக்கும் இடம், வினாடிக்கு எத்தனை கன அடி, பயன்பாடு தொடங்கிய தேதி, தீர்ப்பான தேதி ஆகியவை இருக்கும். இது நிலத்தைப் போலவே அசையாச் சொத்து. பத்திரம் எழுதித்தான் மாற்ற வேண்டும், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும்.

வாய்க்கால் கம்பெனியின் பங்குகள் வேறு வகை. டிக்ரி கம்பெனியின் பெயரில் இருக்கும், உங்கள் கையில் பங்குச் சான்றிதழ் இருக்கும். கைமாற்றுவது கம்பெனியின் பதிவேட்டில். நிலத்தை விற்று பங்கை வைத்துக்கொள்ள நினைப்பவர் முதலில் கம்பெனியின் விதிகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். தண்ணீரை அந்த வாய்க்காலுக்கு வெளியே கொண்டு போக இயக்குநர்களின் ஒப்புதல் தேவை என்று சில கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன. இதைக் கேட்லின் விதி என்பார்கள். ஒரு பங்கின் தண்ணீர் வாய்க்காலை விட்டுப் போனால் மிச்சத் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்வது கடினமாகிறது. அங்கே இருக்கும் விவசாயிகளைக் காப்பதற்கான நியாயமான விதி அது.

கிணறு இன்னொரு வகை. 35 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் வீட்டுக்கும் மாட்டுக்குமான சிறு கிணற்றுக்கு நிமிடத்துக்கு 15 கேலன் வரை அனுமதி கிடைக்கும். மூன்று வீடுகள், ஒரு ஏக்கர் தோட்டம், கால்நடை, இவ்வளவுதான் அதன் எல்லை. அந்த அனுமதி அந்த நிலத்தை வைத்துக் கொடுக்கப்பட்டது. இதைப் பிரித்து வைத்துக்கொள்ள முயல வேண்டாம். வாங்குபவருக்கு வீடும் மாட்டுத் தொட்டியும் ஓட வேண்டும், வீட்டுக் கிணறு அவருக்கே போகட்டும்.

டக்ளஸ், எல்பர்ட், எல் பாசோ கவுண்டிகளின் பக்கம் நிலம் இருந்தால் டென்வர் படுகையின் ஆழ்நிலத்தடி நீரையும் கவனிக்க வேண்டும். டாசன், டென்வர், அராப்பஹோ, லாரமி–ஃபாக்ஸ் ஹில்ஸ் என்று நான்கு நீர்த்தாங்கிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அந்த நீரை எடுக்கும் உரிமை மேலே நிலம் வைத்திருப்பவருக்கு வருகிறது. இதைப் பத்திரத்தில் வெளிப்படையாக ஒதுக்கி எழுதவில்லை என்றால் நிலத்தோடு போய்விடும். பத்திரம் எழுதும்போது ஆற்றுநீரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பதால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக இரண்டு. இன்னும் பயன்பாட்டுக்கு வராத, நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட உரிமை இருந்தால், 6 ஆண்டுக்கு ஒருமுறை நீர் நீதிமன்றத்தில் முயற்சி நடக்கிறது என்று காட்டியாக வேண்டும். அந்தத் தேதி தவறினால் உரிமை ரத்தாகும். கொலராடோ–பிக் தாம்சன் என்னும் பெரிய நீர்த்திட்டத்தின் யூனிட்டுகள், அதாவது அந்தத் தண்ணீரில் பங்குகள், இருந்தால், நார்தர்ன் வாட்டர் அமைப்பின் இயக்குநர் குழு ஒப்புக்கொள்ளாமல் அவற்றை வேறு நிலத்துக்கு நகர்த்த முடியாது. இதற்கு நிலம் விற்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் அட்டவணையாக எழுதுங்கள். மாநில நீர்வளப் பிரிவின் இணையதளத்தில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பல கிணறுகளுக்கும் ஏழு இலக்க எண் உண்டு. அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று வாய்க்கால்கள் இருப்பது சாதாரணம், எண் இருந்தால் குழப்பம் வராது.

இரண்டாவது வேலை: காகிதத்தில் எவ்வளவு, உண்மையில் எவ்வளவு?

புதிதாக வருபவர்கள் பெரிதும் ஏமாறுவது இங்கேதான். டிக்ரியில் வினாடிக்கு 3 கன அடி என்று இருந்தால் அவ்வளவும் தன்னுடையது, அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். நகர்த்தக்கூடியது அந்த 3 கன அடியல்ல. இத்தனை ஆண்டுகளாகப் பயிர் உண்மையில் குடித்த தண்ணீர்தான் நகரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. வினாடிக்கு 1 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1.983 ஏக்கர் அடி ஆகும். ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர், ஏறத்தாழ 12.33 லட்சம் லிட்டர். 3 கன அடி 120 நாள் விடாமல் ஓடினால் காகிதத்தில் 714 ஏக்கர் அடி வருகிறது. ஆனால் ஜூலை கடைசியில் ஓடை வற்றும், கீழே மூத்த உரிமைக்காரர், அதாவது உங்களுக்கு முன்பே பயன்பாட்டைத் தொடங்கியவர், கேட்டால் உங்கள் மதகை அடைக்க வேண்டும், அறுவடைக்கு முன் நீங்களே இரண்டு வாரம் நிறுத்துவீர்கள். பதிவேட்டைப் பார்த்தால் சராசரியாக ஆண்டுக்கு 320 ஏக்கர் அடிதான் எடுத்திருப்பீர்கள். அதில் வாய்க்காலில் 10 சதவீதம் கசிந்தால் வயலுக்கு வருவது 288. எண்பது ஏக்கர் புல்வெளி ஏக்கருக்கு ஒன்றரை ஏக்கர் அடி வீதம் குடித்தால் 120. மிச்சம் 200 ஏக்கர் அடி கசிந்தும் வடிந்தும் ஆற்றுக்கே திரும்பிப் போயிருக்கிறது. கீழே இருப்பவர்கள் அந்த வடிநீரை நம்பித்தான் தங்கள் மதகைத் திறக்கிறார்கள். எனவே அது உங்களுடையதல்ல.

714இல் தொடங்கியது 120இல் வந்து நிற்கிறது. நீங்கள் விற்காமல் வைத்துக்கொள்வதன் அளவு இது. இந்த எண் தெரியாமல் நிலத்துக்கு விலை பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுவது போலத்தான்.

இந்த எண்ணைக் குறைக்கும் விஷயங்கள் சில உண்டு. டிக்ரி 60 ஏக்கருக்கு என்று இருக்க, நீங்கள் 80 ஏக்கரில் பாய்ச்சியிருந்தால் கூடுதல் 20 ஏக்கர் கணக்கில் வராது. மலைப் புல்வெளிகளில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். பாசனம் இல்லாவிட்டாலும் புல் வேரால் இழுத்துக் குடிக்கும். அந்தப் பகுதியை நீர்க்கணக்கு போடும் பொறியாளர் கழித்துவிடுவார். பதிவேட்டில் சில ஆண்டுகள் வெறுமையாக இருந்தால், உரிமையை மாற்ற நீதிமன்றம் போகும்போது பயன்படுத்தவில்லை என்றே எதிர்த்தரப்பு வாதிடும்.

எனவே ஆதாரம் சேருங்கள். பழைய வான்வழிப் படங்களில் பச்சையாகத் தெரியும் பரப்பைக் குறித்து வையுங்கள். வைக்கோல் விற்ற கணக்கு, மோட்டார் மின்கட்டண ரசீது, வாய்க்கால் கம்பெனிக்குக் கட்டிய தொகை எல்லாவற்றையும் திரட்டுங்கள். அந்தப் பண்ணையில் முப்பது ஆண்டு தண்ணீர் பாய்ச்சிய பெரியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் இப்போதே உறுதிமொழி வாக்குமூலம் வாங்கிவிடுங்கள். இதை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். எந்த மாதம் எந்த வயலுக்குப் பாய்ச்சினார்கள் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

அளவைக் கருவியையும் நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலான வாய்க்கால் தலையில் பார்ஷல் தொட்டி இருக்கும். தகரத்திலோ சிமென்ட்டிலோ செய்த, நடுவில் குறுகும் ஒரு பாதை அது. ஓரடி அகலத் தொட்டியில் அளவுகோல் அரையடி காட்டினால் வினாடிக்கு 1.39 கன அடி, ஓரடி காட்டினால் 4 கன அடி. அளவுகோல் இருக்க வேண்டிய இடம் குறுகும் சுவரில், தொண்டைக்கு மேற்புறம், சுவரின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி. தொட்டி ஒரு பக்கம் அமிழ்ந்திருந்தால் அளவு தவறாகும், கீழே களை மண்டித் தண்ணீர் பின்னுக்குத் தேங்கினால் ஓடுவதைவிட அதிகமாகக் காட்டும். கீழ்ப்புற நீர்மட்டம் மேல்மட்டத்தில் 70 சதவீதத்தைத் தாண்டினால் அட்டவணையை நம்பக் கூடாது. பத்தாண்டுப் பதிவு முழுவதும் சாய்ந்த தொட்டியில் எடுத்தது என்று தெரியவந்தால் உங்கள் 120 ஏக்கர் அடியும் நீதிமன்றத்தில் ஆட்டம் காணும்.

மூன்றாவது வேலை: வைத்துக்கொண்ட தண்ணீரை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்?

விலை ஏறட்டும் என்று தண்ணீரைச் சும்மா வைத்திருக்க கொலராடோ சட்டம் இடம் தராது. பத்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். மாநில நீர்வளப் பிரிவு பத்தாண்டுக்கு ஒருமுறை கைவிடப்பட்ட உரிமைகளின் பட்டியலை வெளியிடுகிறது. கடைசியாக வந்தது 2020இல். வேறு பயன்பாட்டுக்கு மாற்ற நீதிமன்றம் போகும்போதும், யார் எதற்கு எங்கே பயன்படுத்தப் போகிறார்கள் என்று திட்டவட்டமாகக் காட்ட வேண்டும். 1979இன் விட்லர் டனல் வழக்கிலிருந்து ஊக வணிகத்துக்குத் தண்ணீர் இல்லை என்பது உறுதியான நிலைப்பாடு.

உங்களுக்கே அதே ஆற்றில் இன்னொரு நிலம் இருக்கிறது, அல்லது நகராட்சி ஒன்று கையெழுத்திடத் தயாராக இருக்கிறது என்றால் வழி தெளிவு. இல்லாதவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, நிலத்தை வாங்குபவருக்கே தண்ணீரைக் குத்தகைக்கு விடுங்கள் என்பதுதான். வயல் பச்சையாகவே இருக்கும், வாங்குபவருக்கு வைக்கோல் கிடைக்கும், உங்கள் உரிமை பழைய இடத்தில் பழைய விதத்தில் பயன்பாட்டிலேயே இருக்கும், நீதிமன்றம் போக வேண்டிய அவசரமும் இல்லை.

குத்தகையை வாய்ப்பேச்சில் விட்டுவிடக் கூடாது. முறை வந்தபோதெல்லாம் மதகைத் திறக்க வேண்டும், பழைய பாசனப் பரப்பு முழுவதிலும் பாய்ச்ச வேண்டும், வாய்க்காலைத் தூர்வார வேண்டும், அளவைக் குறித்து வைக்க வேண்டும், கம்பெனித் தொகையை யார் கட்டுவது, இவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தண்ணீர் விற்பவருடையது, குத்தகைதாரருக்கு அதில் உரிமை எதுவும் சேராது என்ற வரி கட்டாயம் வேண்டும். கொலராடோவில் எதிர் அனுபவத்தால், அதாவது பிறர் சொத்தைத் தன்னுடையதாகவே நெடுநாள் அனுபவிப்பதால், சொத்துரிமை வர 18 ஆண்டு ஆகும், எழுதப்பட்ட குத்தகை அந்த வழியை அடைத்துவிடும்.

தற்காலிகமாக வேறிடத்துக்குக் கொடுக்கவும் வழிகள் உண்டு. மாநிலப் பொறியாளரின் ஒப்புதலோடு, 10 ஆண்டில் 3 ஆண்டு வரை பாசனத்தை நிறுத்தி அந்தத் தண்ணீரை நகரத்துக்கோ வேறு பயனருக்கோ தரலாம். ஓடையில் மீன்களுக்காகத் தண்ணீர் ஓட மாநில நீர்ப் பாதுகாப்பு வாரியத்துக்கு இரவலாகவும் தரலாம்.

நான்காவது வேலை: வில்லங்கம் பார்ப்பது

நிலத்துக்கு எடுக்கும் டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது உரிமையில் குறை தெரிந்தால் ஈடு தரும் காப்பீடு, தண்ணீரைப் பொதுவாக உள்ளடக்குவதில்லை. விலக்குப் பட்டியலில் அது இருக்கும். ஆற்றுநீர் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று மாநிலம் தனியாக ஒரு பதிவேடும் வைத்திருப்பதில்லை. டிக்ரி கிடைத்த நாளிலிருந்து இன்று வரை ஒவ்வொரு பத்திரமாகக் கவுண்டி ஆவணங்களில் தேடிச் சங்கிலியைக் கோக்க வேண்டும். நீர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரின் வேலை இது. வீட்டுமனை பத்திரம் எழுதும் வழக்கறிஞரிடம் கொடுக்காதீர்கள்.

தேடும்போது மூன்று இடங்களில் கண் வையுங்கள். பண்ணை மேல் கடன் இருந்தால் அடமானப் பத்திரத்தில் தண்ணீரும் அடங்கியிருக்கும், கடன் கொடுத்தவர் அதற்கு விடுவிப்பு எழுதித் தர வேண்டும். பங்குச் சான்றிதழ் வங்கியில் அடகாக இருக்கலாம், மூலச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நிலத்தை மனைகளாக்காமல் காப்போம் என்று நிலத்தின் மேல் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு வரிச்சலுகை வாங்கியிருந்தால், தண்ணீரை நிலத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தால் பிரிக்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

ஐந்தாவது வேலை: ஒப்பந்தமும் பத்திரமும்

பிரித்து விற்பது விளம்பரத்திலேயே தெரிய வேண்டும். "பாசன நிலம்" என்று போட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் தண்ணீர் இல்லை என்று சொன்னால் பேரம் முறியும், வழக்கும் வரும். மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் விற்பனை ஒப்பந்தப் படிவத்தில் நீருரிமைக்குத் தனிப் பகுதி உண்டு. எது போகிறது, எது போகவில்லை என்று இரண்டையும் அங்கே எழுதுங்கள். வெறுமையாக விடுவது மிகவும் ஆபத்து.

ஏனென்றால் பத்திரம் மௌனமாக இருந்தால் கொலராடோ நீதிமன்றம் விற்றவரின் நோக்கத்தைத் தேடும். அந்த நிலத்தை அனுபவிக்க அந்தத் தண்ணீர் தேவையாக இருந்ததா, எப்போதும் சேர்ந்தே பயன்பட்டதா என்று சூழ்நிலையைப் பார்க்கும். வைக்கோல் வயலுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று யாரால் சொல்ல முடியும்? நம் பத்திரங்களில் "நீர்ப்பாசன பாத்தியம், வழிநடை பாத்தியம் சகிதம்" என்று வழக்கமாக வரும் வரியைப் போல, அங்கேயும் நிலத்தைச் சார்ந்த எல்லாப் பாத்தியங்களும் சேர்த்து என்று ஒரு வரி அச்சிட்ட படிவத்திலேயே இருக்கும். அதை அடிக்காமல் விட்டால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

ஒதுக்கீட்டு வாசகத்தின் எலும்புக்கூடு இப்படி இருக்க வேண்டும்:

"இந்த விற்பனையில் சேராமல், விற்பவர் தமக்கும் தம் வாரிசுகளுக்கும் தம்மிடம் உரிமை பெறுவோருக்கும் ஒதுக்கி வைத்துக்கொள்வது: இன்ன ஓடையிலிருந்து இன்ன வாய்க்கால் வழியாக, இன்ன எண் வழக்கின் டிக்ரிப்படி, இன்ன நாள் தொடங்கிய பயன்பாட்டுக்கு, வினாடிக்கு இத்தனை கன அடி உரிமை முழுவதும், அதன் பழைய பயிர் நுகர்வு முழுவதும், வாய்க்கால், தலைமதகு, அளவைத் தொட்டி ஆகியவற்றில் உள்ள பங்கு, இன்ன வாய்க்கால் கம்பெனியின் இன்ன எண் சான்றிதழில் உள்ள இத்தனை பங்குகள், இந்த நிலத்தின் கீழுள்ள நிலத்தடி நீர், இன்ன வீட்டுக் கிணறு நீங்கலாக."

பாதியை மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே வாய்க்காலில் 1880களின் மூத்த உரிமையும் 1930களின் இளைய உரிமையும் சேர்ந்திருக்கும். "வாய்க்கால் நீரில் பாதி" என்று எழுதினால் எந்தப் பாதி என்ற சண்டை நிச்சயம் வரும். ஒவ்வொரு முன்னுரிமையிலும் இத்தனை பங்கு என்று எழுதி, எந்த ஏக்கரில் பாய்ந்த தண்ணீர் எவருக்கு என்று வரைபடமும் இணைத்துவிடுங்கள்.

ஆறாவது வேலை: வழி, மதகு, வறண்ட வயல்

நிலம் இன்னொருவருடையதாகிவிட்ட பிறகு உங்கள் மதகு அவர் வேலிக்குள் இருக்கும். உள்ளே போக, திறக்க, தூர்வார, மண்வாரி இயந்திரம் கொண்டு வர, பின்னாளில் குழாய் பதிக்க, எல்லாவற்றுக்கும் பாத்தியம் ஒதுக்கி எழுத வேண்டும். வாய்க்காலின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் எத்தனை அடி என்று எண்ணாகவே எழுதுங்கள். வாய்க்கால் ஓடும் நிலத்தின் உரிமையாளர் உங்கள் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அதை நகர்த்தக் கூடாது என்று 2001இல் ரோரிங் ஃபோர்க் கிளப் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு முதலில் பாத்தியம் தெளிவாக இருக்க வேண்டும்.

பின்னாளில் தண்ணீரை வேறிடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் பழைய வயலில் பாசனம் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தண்ணீரை இருமுறை குடித்ததாக ஆகும். நிலம் உங்கள் கையை விட்டுப் போன பிறகு, பாய்ச்சாதே என்று வாங்கியவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? அதற்குத்தான் பாசனம் நிறுத்தும் உறுதிப்பத்திரம், அங்கே ட்ரை-அப் கவனன்ட் என்பார்கள். எந்த ஏக்கர்கள், எந்த நாளிலிருந்து, ஆழ வேர் விடும் அல்ஃபால்ஃபா தீவனப் பயிரை அழிப்பது யார், ஆய்வாளர் உள்ளே வர அனுமதி, எல்லாம் அதில் வரும். நிலத்தோடு அடுத்தடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்படி பதிவு செய்ய வேண்டும். இந்தப் பத்திரத்தை விற்பனை நாளிலேயே வாங்கிவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டால் வாங்கியவர் தனியாக விலை கேட்பார், தரவும் மறுக்கலாம்.

வயலை அப்படியே காயவிடுவது நியாயமல்ல. அர்கன்சா பள்ளத்தாக்கின் குரோலி கவுண்டியில் 1970களிலும் 80களிலும் கொலராடோ கால்வாய்த் தண்ணீரின் பெரும்பகுதி நகரங்களுக்கு விற்கப்பட்டது. வயல்கள் களை மண்டித் தூசி பறக்கும் வெளிகளாயின. பாசனத்தை நம்பியிருந்த கடைகளும் ஊர்களும் தேய்ந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு நிலத்தைப் புல் மூடச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றங்கள் நிபந்தனை போடுகின்றன. புளூ கிராமா, வெஸ்டர்ன் வீட்கிராஸ் போன்ற நாட்டுப் புற்கள் வேர் பிடிக்கும் வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள், கொஞ்சம் தண்ணீர் வேண்டும். முதல் ஆண்டிலேயே முழுத் தண்ணீரையும் எடுத்துவிட்டு விதைத்தால் விதையும் உழைப்பும் வீண். புல் பிடிக்கும் வரை படிப்படியாகக் குறையுங்கள்.

ஏழாவது வேலை: பதிவு செய்யும் வரிசை

ஒரே நாளில் கையெழுத்தானாலும் எது முதலில் பதிவாகிறது என்பது முக்கியம். முதலில் உங்கள் பழைய கடனின் விடுவிப்பு, பிறகு வாய்க்கால் பாத்தியமும் பாசனம் நிறுத்தும் உறுதிப்பத்திரமும், பிறகு ஒதுக்கீட்டு வாசகத்தோடு விற்பனைப் பத்திரம், கடைசியில்தான் வாங்குபவரின் வங்கி அடமானம். வங்கி அடமானம் முந்திப் பதிவாகி, பின்னாளில் அந்த நிலம் ஏலத்துக்குப் போனால் உங்கள் உறுதிப்பத்திரம் துடைத்தெறியப்படலாம். இந்த வரிசையை டைட்டில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து, அதன்படியே செய்ய ஒப்புதல் வாங்குங்கள்.

பதிவு முடிந்ததும் வாய்க்கால் கம்பெனிக்கு உங்கள் புதிய முகவரியைத் தெரிவியுங்கள். ஆண்டுத் தொகைக்கான சீட்டு பழைய பண்ணை முகவரிக்குப் போய், கட்டாமல் விட்டுப் பங்கு ஏலத்துக்குப் போகும் நிலை வரக் கூடாது. கிணறு வாங்கியவருக்குப் போனால் உரிமையாளர் மாற்றப் படிவத்தை நீர்வளப் பிரிவுக்கு அவர் அனுப்ப வேண்டும். அந்தப் பகுதியின் வாட்டர் கமிஷனரை நேரில் பார்த்து, தண்ணீர் இன்னாருடையது, குத்தகை இன்னாருக்கு என்று சொல்லிவிடுங்கள். மதகைத் திறக்கவும் அடைக்கவும் உத்தரவிடுபவர் அவர்தான்.

வரி விஷயத்தில் ஒன்று. நிரந்தர நீருரிமை கூட்டாட்சி வருமான வரியில் அசையாச் சொத்தாகவே கருதப்படுகிறது. பின்னாளில் அதை விற்றால், வரியைத் தள்ளிப்போடும் 1031 பரிமாற்றத்தில் வேறு நிலமாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதற்கு, நிலத்துக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று அடக்க விலையைப் பிரித்துக் கணக்காளர் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

நீர் நீதிமன்றம் போகும் நாள் வந்தால்

கொலராடோ ஏழு நீர்ப் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர் நீதிமன்றம்: கிரீலி, பூயெப்லோ, அலமோசா, மாண்ட்ரோஸ், கிளென்வுட் ஸ்பிரிங்ஸ், ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ், டுராங்கோ. விண்ணப்பத்தின் சுருக்கம் மாதந்தோறும் வெளியாகும். விண்ணப்பித்த மாதத்துக்குப் பிந்தைய இரண்டாவது மாதத்தின் கடைசி நாள் வரை யாரும் எதிர்ப்பு மனு தரலாம். மார்ச்சில் விண்ணப்பித்தால் மே 31 வரை. எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் கீழ்ப்பகுதி விவசாயிகளும் நகராட்சிகளும்தான். அவர்கள் கேட்பது ஒன்றே: முன்பு வடிந்து வந்த தண்ணீர் இனியும் அதே அளவில், அதே காலத்தில், அதே இடத்தில் வருமா? கோடையில் பாய்ச்சிய நீர் நிலத்தடியில் மெதுவாக நகர்ந்து டிசம்பரிலும் ஆற்றுக்கு வந்துகொண்டிருந்திருக்கும். குளிர்காலத்திலும் அதை ஈடுகட்ட உங்களுக்கு ஒரு குளமோ, சேமிப்பு ஏரியில் இடமோ வேண்டும். இதை யோசிக்காமல் வருபவர்களின் வழக்குதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் இதே முறை செல்லாது

வயோமிங்கில் ஆற்றுநீர்ப் பாசன உரிமை நிலத்தோடு கட்டப்பட்டது. சட்டம் சொல்லும் விதிவிலக்குகள் தவிர அதைக் கழற்ற முடியாது, மாற்றத்துக்கு மாநிலக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் போக வேண்டும். மொன்டானாவிலும் நியூ மெக்சிகோவிலும் பத்திரத்தில் வெளிப்படையாக ஒதுக்காவிட்டால் பாசனத் தண்ணீர் நிலத்தோடு போய்விடும். மொன்டானாவில் விற்பனைக்குப் பிறகு உரிமையாளர் விவரத்தையும் மாநிலத் துறையிடம் புதுப்பிக்க வேண்டும். டெக்சஸில் நிலத்தடி நீரைத் தாதுவைப் போலத் தனியாகப் பிரித்து வைக்கலாம், ஆனால் கிணறு தோண்ட நிலத்தை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதைப் பத்திரத்திலேயே எழுதியாக வேண்டும். லபக் நகரம் 1953இல் ஒரு ரான்ச்சின் நிலத்தடி நீரை வாங்கியபோது அந்த வரி போதுமான தெளிவோடு இல்லை. வழக்கு டெக்சஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல்தான் தீர்ப்பு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர் அந்த மாநில வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

காலக்கணக்கு: அக்டோபரில் வைக்கோல் வேலை முடிந்ததும் அட்டவணையையும் ஆதாரங்களையும் தொடங்குங்கள். குளிர்காலத்தில் வழக்கறிஞரும் பொறியாளரும் பத்திரச் சங்கிலியையும் நீர்க்கணக்கையும் பார்க்கட்டும். பனி உருகித் தண்ணீர் ஓடத் தொடங்கும் மே மாதத்தில் பொறியாளரை மதகுக்கு அழைத்துப் போய்த் தொட்டியில் அளவெடுங்கள். நிலத்தை விற்பனைக்கு வைப்பது அதற்குப் பிறகுதான்.